கறைக்கும் காரணம் வேண்டும்

சிப்பிகாட்டிலும் சுற்றியுள்ள தென் அந்தமான் ஊர்களிலும் பெரிய அளவு பிளாஸ்டிக் போர்விமான மாடல்கள் கட்டும் நண்பர்களுக்கு,

1/32 அளவில் ஒரு சுகோய்-30 எம்.கே.ஐ. கட்டி முடித்தால் மேசையில் அது ஏறக்குறைய 69 சென்டிமீட்டர் நீளத்துக்கு நிற்கும். ஏர்ஃபிக்ஸ் 1/24 அளவில் வெளியிட்ட சீ ஹாரியர் 60 சென்டிமீட்டர் வரும். இப்படிப்பட்ட மாடல் பெட்டியைக் காசு சேர்த்து வாங்கி, மாதக்கணக்கில் உட்கார்ந்து, இரண்டு பாதிகள் சேரும் கோடு தெரியாதபடி புட்டி வைத்துத் தேய்த்து, விமானி அறையின் ஒவ்வொரு பொத்தானுக்கும் தனியே வண்ணம் வைக்கிற பொறுமைசாலிகள் நீங்கள். இறக்கையின் வளைவு வரைபடத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் கண்டுபிடித்துவிடுவீர்கள். ஆனால் தேய்மானத்தையும் அழுக்கையும் காட்டும் கடைசிக் கட்டமான வெதரிங்குக்கு வந்ததும் அந்தக் கறார்த்தனம் தளர்ந்துவிடுகிறது. எல்லா பேனல் கோடுகளிலும் ஒரே கருப்பு வாஷ், எல்லா விளிம்புகளிலும் ஒரே வெள்ளிச் சிராய்ப்பு, வயிறு முழுக்க ஒரே பழுப்பு ஒழுக்கு. மிக்-21 ஆனாலும் மிராஜ் ஆனாலும் ஒரே அழுக்கு. இந்த மடலில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். மாடலில் நீங்கள் வைக்கும் ஒவ்வொரு கறையும், இந்த விமானம் இந்த இடத்தில் இந்தக் காலத்தில் இப்படி இருந்தது என்று பார்ப்பவரிடம் சொல்கிறது. சொன்னதற்கு ஆதாரம் இருக்க வேண்டும். காரணம் சொல்ல முடியாத கறையை வைக்கக் கூடாது.

இப்போது வழக்கத்தில் இருக்கும் பாணி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். நீர்த்த வண்ணத்தைப் பள்ளங்களில் ஓடவிடும் வாஷ், உலர்ந்த தூரிகையால் மேடுகளைத் தொடும் டிரை பிரஷ் இரண்டையும் 1980களில் உலகமெங்கும் பரப்பியவர்களில் முதன்மையானவர் பெல்ஜியத்தின் ஃபிரான்சுவா வெர்லிண்டன். பின்னர் மிக் ஹிமெனெஸ் போன்றவர்கள் வழியாக ஸ்பெயின் நாட்டுப் பாணி வந்தது. ஒரே நிறத்துக்குள் வெளிச்சமும் நிழலும் காட்டுவது, பிக்மெண்ட் பொடிகள், எண்ணெய் வண்ணப் புள்ளிகள் எல்லாம் அதோடு சேர்ந்து வந்தன. இவர்கள் கைத்திறனில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் இந்த உத்திகளில் பெரும்பாலானவை டாங்கி மாடல்களுக்காக வளர்ந்தவை. டாங்கி கனத்த எஃகால் ஆனது, சேற்றில் புரள்கிறது, மரத்தில் மோதுகிறது, போர்க்களத்தில் அதைக் கழுவ யாருக்கும் நேரமில்லை. போர்விமானமோ பெரும்பகுதி அலுமினியக் கலவையால் ஆனது. ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் பின்னும் அதைச் சுற்றி வந்து, தொட்டுப் பார்த்துச் சோதிக்கிறார்கள். ஒரு திருகு தளர்ந்திருந்தாலும் பறக்க விடமாட்டார்கள். டாங்கிக்கு அழகாகப் பொருந்திய அழுக்கை அப்படியே எடுத்து ஜெட்டின் மேல் பூசினால், அதைப் பராமரித்தவர்கள் கடமை தவறினார்கள் என்று சொல்வதாகிறது. தொழில்நுட்பப் பிழை என்பதற்கும் மேலாக இது அந்த மனிதர்களுக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

உப்புக்காற்று உலோகத்தை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள சிப்பிகாட்டைவிட நல்ல இடம் அமையாது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தென் அந்தமானின் தரை ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட்டின் தாழ்வான வயல்களுக்குள் ஓதம் ஏறி வந்து, வந்த நீர் அங்கேயே தங்கிவிட்டது. நெல் விளைந்த நிலம் உவர்நீரானது. வீடுகளும் மரங்களும் நீருக்குள் நின்றன. அந்தப் பகுதியில் கைவிடப்பட்ட இரும்புத் தகரத்தையும், அதே காற்றில் கிடக்கும் அலுமினியப் பாத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தகரம் செம்பழுப்பாகத் துருவேறி உதிரும். அலுமினியம் ஒருபோதும் சிவக்காது. அது மங்கும், சாம்பல் வெள்ளையாகப் பூக்கும், சிறு குழிகள் விழும், விமானக் கலவையாக இருந்தால் அடுக்கடுக்காக உப்பிப் பெயரவும் செய்யும். அப்படியிருக்க, ஜெட்டின் இறக்கையில் செம்பழுப்புத் துருக்கோடு எங்கிருந்து வரும்? எஃகுத் திருகின் தலையில் ஒரு புள்ளி இருக்கலாம். சக்கரக் கால்களிலோ பிரேக்கிலோ கொஞ்சம் இருக்கலாம். இறக்கைத் தகட்டில் இருக்காது. சிராய்ப்பின் கதையும் இதுதான். நவீன ஜெட்டில் மேல்வண்ணம் பெயர்ந்தால் முதலில் தெரிவது உலோகம் அல்ல, அடியில் பூசிய பிரைமர். பல விமானங்களில் அது மஞ்சளோடிய பச்சை. அடிப்பூச்சும் போன பிறகே உலோகம் தெரியும், அதற்குள் பராமரிப்புக்காரர் அந்த இடத்துக்குப் புது வண்ணம் வைத்திருப்பார். கடலோரத் தளத்தில் ஒரு ஜெட்டின் முதுமையைக் காட்ட வேண்டுமானால் வெள்ளிப் பொட்டுகளைவிடத் தொட்டுப் பூசிய திட்டுகளே நம்பகமானவை. பழைய சாம்பலின் மேல் சற்றே மாறுபட்ட புதுச் சாம்பல், சதுரமும் இல்லாத வட்டமும் இல்லாத ஒழுங்கற்ற வடிவில், பேனல் மூடிகளையும் திருகு வரிசைகளையும் ஒட்டி இருக்கும். உப்பை எதிர்த்து மனிதர்கள் நடத்தும் அன்றாடப் போராட்டத்தின் தடம் அது.

அளவுக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிட வேண்டும். 1/32 மாடலில் 2 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு சிராய்ப்பு வைத்தால், உண்மை விமானத்தில் அது 64 மில்லிமீட்டர். உள்ளங்கை அகலத்துக்கு வண்ணம் பெயர்ந்த விமானத்தை எந்தப் பொறியாளர் பறக்க அனுப்புவார்? பெட்டியிலேயே பொறித்து வரும் பேனல் கோடு 0.2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் நிஜத்தில் அது 6 மில்லிமீட்டருக்கும் மேல். விமானத் தகடுகளுக்கு இடையே அவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதில்லை. கோடு ஏற்கெனவே மிகையாக இருக்கும்போது அதில் கருப்பை நிரப்புவது மிகையின் மேல் மிகை. 1/72 அளவில் யாரும் இதைப் பெரிதாகக் கவனிக்கமாட்டார்கள்; விமானம் கையடக்கம், கண்ணுக்கு ஏதோ ஒரு பிடிமானம் தேவைப்படுகிறது. அளவு பெருக்கப் பெருக்க அந்தச் சலுகை போய்விடுகிறது. பெரிய மாடல் வெதரிங்குக்கு அதிக இடம் தருகிறது என்று நினைக்கிறோம். அது அதிகப் பொறுப்பையும் சேர்த்தே தருகிறது.

இதற்கு உடனே வரும் மறுப்பு எனக்குத் தெரியும். "சிறு உருவத்தில் வெளிச்சம் உண்மை விமானத்தில் விழுவதுபோல் விழாது, நிழலைக் கொஞ்சம் கூட்டிக் காட்டாவிட்டால் மாடல் பொம்மையாகத் தெரியும்" என்பார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் எவ்வளவு கூட்டலாம் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1/32 மாடலை 40 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துப் பார்ப்பது, உண்மை விமானத்தை ஏறக்குறைய 13 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். 13 மீட்டர் தூரத்திலிருந்து எடுத்த ஒரு நல்ல புகைப்படத்தை எதிரில் வைத்துக்கொள்ளுங்கள். பேனல் கோடுகளில் பெரும்பாலானவை கண்ணுக்கே படாது. அடிக்கடி திறந்து மூடும் மூடிகளின் ஓரம் தெரியும். அசையும் பகுதிகளான எய்லரான், ஃபிளாப், ரடர் ஆகியவற்றின் இடைவெளி அழுத்தமாகத் தெரியும். வயிற்றில் எண்ணெய்க் கசிவு பின்னோக்கி இழுபட்டிருப்பது தெரியும். ஆட்கள் ஏறி நடக்கும் இடம் மங்கியிருப்பது தெரியும். எது தெரிகிறதோ அதைக் கூட்டுங்கள். தெரியாததைக் கூட்டுவதற்குத் தூரமும் வெளிச்சமும் சாக்காகாது. கசிவின் திசையையும் இங்கே கவனிக்கச் சொல்வேன். பறக்கும்போது காற்று அதைப் பின்னுக்கு இழுக்கிறது. நிற்கும்போது அது நேர் கீழே வழிகிறது. ஒரே துளையிலிருந்து இரண்டு திசையிலும் தடம் இருப்பதுதான் இயல்பு. நம் மாடல்களில் பெரும்பாலும் ஒரு திசைதான் இருக்கிறது.

அந்தமானோடு நேரடித் தொடர்புள்ள ஒரு விமானத்தை எடுத்துக்கொண்டு இதை விளக்குகிறேன். இன்று ஐ.என்.எஸ். உத்க்ரோஷ் கடற்படை விமானத்தளத்தில் நீங்கள் அன்றாடம் பார்ப்பவை டோர்னியர்களும் ஹெலிகாப்டர்களும். ஆனால் 1971 இந்தியா-பாகிஸ்தான் போருக்குச் சற்று முன் இந்தியக் கடற்படையின் ஒரே விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த், கொதிகலன் ஒன்றில் விரிசலோடு, சென்னையிலிருந்து புறப்பட்டு வட அந்தமானின் போர்ட் கார்ன்வாலிஸ் விரிகுடாவில் மறைந்து நின்றது. அதைத் தேடிவந்த பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி விசாகப்பட்டினத்துக்கு அருகே மூழ்கியது. டிசம்பர் 4 காலை விக்ராந்திலிருந்து சீ ஹாக் ஜெட்டுகள் எழும்பி காக்ஸ் பஜார் விமானத்தளத்தைத் தாக்கின, பிற்பகலில் சிட்டகாங்கை. சீ ஹாக்குகள் 300ஆம் அணியைச் சேர்ந்தவை, வெள்ளைப் புலிகள் என்று பெயர் பெற்ற அணி. கூடவே 310ஆம் அணியின் அலிஸே விமானங்களும் இருந்தன. நம் தீவுகளின் கரையோரத்தில் காத்திருந்து போருக்குப் புறப்பட்ட ஜெட் இது. செக் நாட்டின் ஃப்ளை நிறுவனம் 1/32 அளவில் சீ ஹாக் பெட்டி போட்டிருக்கிறது. கட்டினால் நீளமும் இறக்கை அகலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 38 சென்டிமீட்டர்.

இந்த விமானத்தில் கறை எங்கே வர வேண்டும் என்பதை அதன் அமைப்பே சொல்லிவிடுகிறது. சீ ஹாக்கின் ஒற்றை நீன் எஞ்சினிலிருந்து வரும் வெப்பக் காற்று வால் வழியாகப் போவதில்லை. உள்ளே இரண்டாகப் பிரிந்து, இறக்கைகள் உடலோடு சேரும் இடத்தின் பின்விளிம்பில் இருபுறமும் வெளியேறுகிறது. ஆகவே புகைக்கரி படிய வேண்டிய இடம் உடலின் இரு பக்கவாட்டு. வால் முனையைக் கருக்கி வைத்தால் அது வேறேதோ ஜெட்டின் பழக்கத்தில் கை போனது. மூக்கின் அடியில் நான்கு 20 மில்லிமீட்டர் பீரங்கிகள். சுட்டால் அவற்றின் வாயிலிருந்து கரி பின்னோக்கிப் படியும். இங்கே தேதி முக்கியமாகிறது. போர் தொடங்குமுன் போர்ட் கார்ன்வாலிஸில் நிற்கும் சீ ஹாக் என்று பெயர்ப் பலகை வைத்தால், பீரங்கி வாய்கள் ஏறக்குறைய சுத்தமாக இருப்பதே பொருத்தம். டிசம்பர் இரண்டாம் வாரம் என்று வைத்தால், மீண்டும் மீண்டும் தாக்குதலுக்குப் போய் வந்த விமானம் அது. கரி இருக்கும், அவசரமாகத் துடைத்த தடமும் இருக்கும். விக்ராந்தின் நீராவி கட்டபுல்ட் விமானத்தைக் கம்பிவடத்தால் இழுத்து எறிந்தது. வடம் மாட்டும் கொக்கிகளைச் சுற்றி வண்ணம் உரசிப் போயிருக்கும். இறங்கும்போது தடுப்புக் கம்பியைப் பிடிக்கும் வால் கொக்கியின் முனை எஃகு பளபளக்கத் தேய்ந்திருக்கும். வெள்ளி நிறத்தைத் தாராளமாகக் காட்ட நியாயமான இடம் அந்த முனை. இறக்கைகள் மடங்குபவை, மடிப்புக் கீலில் மசகெண்ணெயும் அதில் ஒட்டிய தூசும் இருக்கும். இத்தனைக்கும் ரகசிய ஆவணம் எதுவும் தேவைப்படவில்லை. எஞ்சின் எங்கே, புகைபோக்கி எங்கே, ஆள் எங்கே கால் வைப்பார், கம்பி எங்கே மாட்டும் என்று கேட்டாலே போதும். தேதிகளைச் சரிபார்க்க வைஸ் அட்மிரல் ஹீராநந்தானி எழுதிய கடற்படை வரலாறு இருக்கிறது.

அதே 300ஆம் அணிக்கு 1983இல் சீ ஹாரியர் வந்தது. 2016 மே மாதம் வரை பணியில் இருந்தது. இதில் நம்மவர்கள் அடிக்கடி தவறும் இடம் நான்கு குழல்வாய்கள். பெகாசஸ் எஞ்சினின் முன்னிரண்டு வாய்கள் வெளித்தள்ளுவது விசிறியிலிருந்து வரும் காற்றை. அதில் எரிந்த புகை கிடையாது. பின்னிரண்டுதான் டர்பைனைத் தாண்டி வரும் கொதிகாற்றுக்கு வழி. அதனால்தான் பின்வாய்களுக்குப் பின்னால் உடலின் மேல் வெப்பத்தடுப்புத் தகடு பொருத்தியிருக்கிறார்கள். நான்கையும் ஒரே மாதிரி கருக்கினால் எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்பதே தெரியாமல் கட்டியதாக ஆகிவிடும். முன்வாயை உடல் வண்ணத்தோடு ஒட்டிய அழுக்கில் விடுங்கள். பின்வாயில் உலோகத்தின் நீலமும் வைக்கோல் நிறமும் மெல்லிய அடுக்குகளாக வரட்டும், தடுப்புத் தகட்டில் கரி பின்னோக்கி மங்கிக்கொண்டே போகட்டும். செங்குத்தாக இறங்கும்போது நான்கு வாய்களும் கீழ்நோக்கித் திரும்புவதால் தரைத் தூசும் கடல் நீர்த்திவலையும் எழும்பி வயிற்றில் அறையும். மற்ற ஜெட்டுகளைவிட ஹாரியரின் வயிறு அழுக்காக இருப்பதற்கு இது போதுமான காரணம். அங்கே தாராளமாக இருங்கள். முதுகில் அதே அளவுக்கு வேண்டாம்.

"ஆதாரம் ஆதாரம் என்கிறீர்கள், தீவில் உட்கார்ந்துகொண்டு எங்கே போய்த் தேடுவது? தளத்தின் அருகே கேமராவைத் தூக்க முடியுமா?" என்று கேட்பீர்கள். தூக்கவே கூடாது. பாதுகாப்புப் பகுதியைப் படம் பிடிப்பது சட்டத்துக்கு விரோதம். ஒரு மாடலுக்காக அந்த வேலை யாருக்கும் வேண்டாம். விமானப்படையும் கடற்படையும் வெளியிடும் அதிகாரபூர்வப் படங்கள், விமானக் கண்காட்சிகளில் எடுத்த படங்கள், பழைய பத்திரிகைகள் எல்லாம் இருக்கின்றன. தமிழ்நாட்டிலேயே 2020 ஜனவரியில் தஞ்சாவூரில் சுகோய்-30 அணியைத் தொடங்கியபோதும், சூலூரில் தேஜஸ் அணிகள் வந்தபோதும் ஏராளமான படங்கள் வெளியாயின. அருங்காட்சியக விமானங்களை மட்டும் எச்சரிக்கையோடு அணுகச் சொல்வேன். விசாகப்பட்டினம் கடற்கரையில் சீ ஹாரியர் இருக்கிறது. கோவாவின் கடற்படை விமான அருங்காட்சியகத்தில் சீ ஹாக்கும் அலிஸேயும் நிற்கின்றன. உருவம், திருகுகளின் இருப்பிடம், சக்கர அறையின் குழாய்கள் ஆகியவற்றுக்கு அவை பொக்கிஷம். வெதரிங்குக்கு அவை தவறான ஆசான்கள். வெயிலில் வருஷக்கணக்காக அசையாமல் நிற்கும் விமானத்தின் வெளுப்பு வேறு. வாரத்துக்குப் பல முறை பறந்து, கழுவி, மறுபடி பறக்கும் விமானத்தின் தேய்மானம் வேறு. போதாததற்கு அங்கே நிற்பவற்றுக்கு வண்ணமும் மறுபடி அடித்திருப்பார்கள். மிக்-21க்கு இந்த ஆபத்து இப்போது அதிகமாகியிருக்கிறது. 1963இல் வந்து, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்ற அந்த விமானத்தை இனி வாயில்களிலும் பூங்காக்களிலும் புது வண்ணத்தில்தான் காண முடியும். பணியில் இருந்தபோது அது எப்படித் தேய்ந்திருந்தது என்பதற்கு இனிப் புது ஆதாரம் உருவாகப் போவதில்லை. 1971 போரை ஒட்டி, பளபளக்கும் உலோகத்தோடு இருந்த மிக்-21களின் மேல் அவசர அவசரமாக மறைப்பு வண்ணம் பூசினார்கள். அந்தப் பூச்சு பெயர்ந்த இடத்தில் பச்சைப் பிரைமர் இல்லாமல் நேரே உலோகம் தெரிந்தால் நியாயம் உண்டு. விதிக்கு விலக்குகள் இப்படி வரலாற்றிலிருந்து வர வேண்டும்.

இது கலை, கலைஞனுக்குச் சுதந்திரம் வேண்டாமா என்பது இன்னொரு மறுப்பு. வேண்டும். பறக்காத வண்ணத்தில், நடக்காத போரில், கற்பனை நாட்டின் கொடியோடு ஒரு ஜெட் கட்டுங்கள். அதில் எந்தக் கறைக்கும் யாரும் கணக்குக் கேட்க முடியாது. ஆனால் உண்மையான அணியின் சின்னத்தை டெக்கலாக ஒட்டி, உண்மையான வால் எண்ணையும் வைத்துவிட்டால் நீங்கள் வேறொரு ஒப்பந்தத்துக்குள் வந்துவிடுகிறீர்கள். வால் எண்ணில் ஒரு இலக்கம் பிசகினால் பிழை என்கிறோம். கறை பிசகினால் மட்டும் அது கலை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆதாரத்துக்குக் கட்டுப்பட்டால் கைத்திறன் சுருங்கும் என்ற பயமும் வீண். ஒரே சாம்பலுக்குள் நான்கு சாம்பல் திட்டுகளை, வித்தியாசம் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும்படி வைப்பது, ஆயிரம் வெள்ளிப் பொட்டு வைப்பதைவிடக் கடினம்.

கொல்லும் இயந்திரத்தை அழகு பார்க்கிறோம் என்று வீட்டிலும் பள்ளியிலும் சிலர் வருத்தப்படுவதை நான் அலட்சியம் செய்யமாட்டேன். ஜப்பானிய ஆக்கிரமிப்பையும் குண்டுவீச்சையும் நேரில் கண்ட தீவு இது. அந்தக் கேள்வி கேட்க இங்கே உரிமை உண்டு. என் பதில் இதுதான். பளபளவென்று நிற்கும் மாடலும், சினிமாத்தனமாகச் சிதைந்த மாடலும் இயந்திரத்தை மட்டுமே காட்டுகின்றன. காரணத்தோடு வைத்த கறை மனிதர்களைக் காட்டுகிறது. ஏணி சாய்த்த இடம், எரிபொருள் ஊற்றியவர் சிந்திய இடம், உப்பைக் கழுவி வண்ணம் தொட்டு வைத்தவரின் கைவேலை எல்லாம் அதில் இருக்கும். பீரங்கி வாயில் கரி இருந்தால் அதற்கு எதிர்முனையில் யாரோ இருந்தார்கள் என்பதையும் அது மறைக்காது. காக்ஸ் பஜாரும் சிட்டகாங்கும் ஆட்கள் வாழ்ந்த ஊர்கள். அந்தக் கரியைத் தேதியறிந்து வைப்பவர் அதை மறக்கமாட்டார்.

செலவும் தட்பவெப்பமும்தான் உங்களுக்கு உண்மையான தடைகள். பெரிய பெட்டிகள் பல ஆயிரம் ரூபாய். லாக்கர் வண்ணங்களும் தின்னரும் தீப்பற்றுபவை. விமான அஞ்சலில் அனுப்ப அனுமதி இல்லை. சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாள் கடந்து சரக்காகத்தான் வரவேண்டும். வந்த பிறகும் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்யும் ஊரில் லாக்கர் அடிப்பது சோதனை. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றின் ஈரம் அதில் படிகிறது, வண்ணம் பால்போல் வெளுத்துவிடுகிறது. கம்ப்ரஸரில் நீர்ப்பிடிப்பான் இல்லாவிட்டால் ஏர்பிரஷ்ஷே தண்ணீர் துப்பும். ஆகையால் உங்கள் ஊருக்கு நீரில் கரையும் அக்ரிலிக்தான் ஏற்றது. லாக்கர் அடித்தே தீர வேண்டுமென்றால் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட மாதங்களுக்கு அதை ஒதுக்குங்கள், மெதுவாக உலரச் செய்யும் ரிடார்டர் கலந்துகொள்ளுங்கள். டெக்கல் தாள்களைச் சிலிகா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள், இல்லாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும். இவ்வளவும் கட்டுவதற்கும் வண்ணத்துக்கும். வெதரிங்குக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. பள்ளிக்கூடக் கடையில் கிடைக்கும் எண்ணெய் வண்ணக் குழாய் நான்கைந்து நிறம், டர்பண்டைன், மென்மையான பென்சில், பேஸ்டல் சாக்கட்டியைச் சுரண்டிய பொடி, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு போதும். அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் வண்ணத்தைத் துளியாக வைத்து, டர்பண்டைனில் நனைத்துப் பிழிந்த தூரிகையால் காற்று போகும் திசையில் இழுத்தால் கசிவு. வட்டமாகத் தட்டிப் பரப்பினால் வெயில் வெளுப்பு. சமையல் உப்பையும் பயன்படுத்தலாம். ஈரப்படுத்திய பரப்பில் உப்புத் தூவி, உலர்ந்ததும் மேலே சற்று மாறுபட்ட சாம்பலை மெல்லிசாக அடித்து, பிறகு உப்பைத் தேய்த்துவிட்டால் ஒழுங்கற்ற திட்டுகள் வரும். தொட்டுப் பூசிய கடற்படைச் சாம்பலுக்கு இதைவிட நல்ல உத்தி நான் அறியேன். இதை வெள்ளிச் சிராய்ப்புக்கு மட்டுமே பயன்படுத்துவது வீண். உப்பைப் பொடித்துக்கொள்ளுங்கள். 1 மில்லிமீட்டர் பரல் ஒவ்வொன்றும் 1/32இல் 32 மில்லிமீட்டர் என்பது நினைவிருக்கட்டும்.

உங்களிடம் நான் கேட்பது ஒரு நடைமுறை. மாடலைக் காட்சிக்கு வைக்கும்போது பக்கத்தில் ஒரு அட்டை வையுங்கள். விமானத்தின் பெயர், அணி, இடம், மாதம், ஆண்டு முதலில். அதன் கீழே முக்கியமான கறைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: புகைப்படத்தில் பார்த்ததா, இயந்திர அமைப்பிலிருந்து ஊகித்ததா, வெறும் அனுமானமா. அனுமானம் என்று எழுதுவதில் இழிவு எதுவும் இல்லை. எழுதாமல் விடுவதுதான் பார்ப்பவரைத் தவறாக நடத்தும். பள்ளிக் கண்காட்சியில் ஒரு மாணவி வந்து, இந்த இடத்தில் ஏன் கருப்பாக இருக்கிறது என்று கேட்டால், அந்த அட்டை அவளுக்கு எஞ்சின் பாடத்தையும் வரலாற்றுப் பாடத்தையும் சேர்த்தே சொல்லும். மாடல்களைப் போட்டிக்கு மதிப்பிடுகிறவர்கள் வண்ணத் திறனுக்குத் தரும் மதிப்பெண்ணில் ஒரு பங்கை இந்த அட்டைக்குத் தரலாம்.

முதல் முயற்சியாகப் போர்ட் கார்ன்வாலிஸ் சீ ஹாக்கை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. 1/32 பெட்டி ஒன்றைப் பலர் சேர்ந்து வாங்கலாம். கம்ப்ரஸர் ஒருவரிடம் இருந்தால் போதும். ஒருவர் இறக்கை மடிப்பையும் கொக்கியையும் ஆராயட்டும், ஒருவர் புகை வெளியேறும் பக்கவாட்டை, ஒருவர் பீரங்கி வாய்களை. போருக்கு முன்பா, டிசம்பர் இரண்டாம் வாரமா என்பதை முதல் நாளே எல்லோரும் கூடி முடிவு செய்யுங்கள். முடிவாகும்வரை கருப்பு வண்ணக் குப்பியைத் திறக்க வேண்டாம். டிசம்பர் 4க்குள் முடிக்க நினைத்தால் லாக்கர் வேலையை ஏப்ரலுக்குள் முடித்துவிட வேண்டும். மே பிறந்ததும் மழை வந்துவிடும்.

அன்புடன்,
உங்களைப் போலவே விமான மாடல்களை நேசிக்கும் ஒருவர்